பழைய டியூபும் வான்கோழியும்

நவம்பர் 19, திங்கள்

கடைக்கு வந்த பழைய கேஸ் அடுப்புகளில் பெரிய ஓவன் உள்ள ஒன்றை வீட்டில் மாட்டிவிட்டேன். மனைவி இறந்து ஆறு வருடம். ஒற்றை ஆளுக்கு இது எதற்கு? வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகைச் சாப்பாட்டுக்கு டெல்ஃபீன் வருகிறாள், எதிரே லாண்டரி நடத்துகிறவள். இங்கேயே என்னோடு குடிவந்துவிடு என்று கேட்கப்போகிறேன். ஐம்பத்தொன்பது வயதில் கடையில் விசிலடிக்கிறேன்.

அடுப்பு வாங்குகிறவர்களிடம் புது கேஸ் டியூப்தான் மாட்டவேண்டும் என்பேன். எனக்கு மட்டும் பழசு. விற்கிற பொருளின் உறையைப் பிரிக்க மனம் வரவில்லை.

நவம்பர் 21

வான்கோழி உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. கேட்கவேண்டிய வாக்கியம் என் வாயில்.

நவம்பர் 22

வான்கோழி பாதி வேகும்போது அழுகிய முட்டை நாற்றம். கேஸ். என் கை தானாகப் புகைவிசிறி சுவிட்சுக்குப் போனது. டெல்ஃபீன் தட்டிவிட்டாள்.

"ஒரு பொறி போதும்யா. தொடாதே, வெளியே நட."

"வான்கோழி—"

"அது ஏற்கெனவே செத்தாச்சு. நாம இன்னும் சாகல, லென்."

ஓவனை அணைத்து, கதவைத் திறந்தபடி விட்டு, கோட்டுகூட இல்லாமல் மில்வாக்கிக் குளிரில் ஓடினோம். தெருவைத் தாண்டித்தான் போனை எடுத்தேன். அடுப்பு விற்கிறவன் வீட்டிலேயே கசிவு என்று ஊர் சொல்லுமே? சொல்லட்டும். கேஸ் கம்பெனியைக் கூப்பிட்டேன்.

வந்தவர் கேஸை மூடி, உள்ளே பார்த்துவிட்டு வந்தார். "பழைய டியூப், விரிசல் விட்டிருக்கு. யார் மாட்டுனது?"

"நான்தான்."

"என்ன வேலை பாக்கறீங்க, சார்?"

"அடுப்பு விக்கிறேன்."

அவர் சிரிப்பை அடக்கினார். டெல்ஃபீன் அடக்கவே இல்லை, நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டுவிட்டேன்.

"இந்த வீட்டுக்கா? முதல்ல புதுசு மாட்டு, அப்புறம் கேளு."

பாதி வெந்த வான்கோழியைப் பக்கத்து வீட்டு ஓவனில் வேகவைத்துத் தின்றோம். இதைவிட ருசியாக நான் தின்றதில்லை.

நவம்பர் 24

புது டியூப். சோப்புத் தண்ணீர் தடவினேன், ஒரு குமிழி இல்லை. கம்பெனி ஆளும் சோதித்துத்தான் கேஸைத் திறந்தார். கடையில் சேர்த்துவைத்த பழைய டியூப்களை வெட்டிக் குப்பையில் போட்டேன். மறுபடி கேட்டேன். "யோசிக்கிறேன்" என்கிறாள். இன்று கடையில் விசில் இல்லை.

டிசம்பர் 2, ஞாயிறு

டெல்ஃபீனின் பெட்டிகள் பதினாறு. அவள் பூனைக்குத் தனிக் கூடை. இறங்கியதும் வீடு முழுக்க மோந்து பார்த்துவிட்டு, சூடான ஓவன் முன்னால் கால் நீட்டிப் படுத்துவிட்டது.