எந்த வீட்டுத் துணி என்று சொல்லாத கடை

அக்கா,

இன்று காலை என் மகள் செல்வி ஈரக் காலரின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். சூடான பருத்தி வாசனை கடை முழுக்கப் பரவியது. நீங்கள் ஊருக்குப் போய்விட்டதை மறந்து, நீங்கள்தான் மிசினில் இருக்கிறீர்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

நீங்கள் முதன்முதலில் வந்தபோது, நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த என் கடையில் ஹேங்கர் கிடையாது, கண்ணாடி கிடையாது. எவர்சில்வர் பாத்திரம் கொடுத்து வீடுவீடாக வாங்கிவந்த பழந்துணியைத் தரையில் குவித்திருப்பேன். காலேஜ் பிள்ளைகள் குனிந்து கிளறுவார்கள். ராணுவ உடுப்பு தைத்து ஓய்வுபெற்ற நீங்கள் ஒரு சட்டையை உருவிப் பார்த்தீர்கள். "ஏம்ப்பா, ரெண்டு பட்டனைக் காணோம். படிக்கிற பிள்ளை அதை எங்க போய்த் தேடும்?"

மறுவாரம் உங்கள் தையல் மிசின் ஆட்டோவில் வந்து இறங்கியது. துவைக்காத துணி உள்ளே வரக்கூடாது என்றீர்கள். போட்டுப் பார்க்க ஒரு திரை கட்டச் சொன்னீர்கள். இடுப்பு தொளதொளத்தால் பிள்ளை காத்திருக்கும்போதே பிடித்துக் கொடுத்தீர்கள்.

என் வாயை மட்டும் உங்களால் மாற்ற முடியவில்லை. எந்தத் துணி எந்த வீட்டில் வாங்கியது என்பது எனக்கு மறக்கவே மறக்காது. அதைச் சொல்லித்தான் விற்பேன். அந்த மஞ்சள் சுடிதாரையும் அப்படித்தான் ஒரு காலேஜ் பெண்ணிடம் விற்றேன். "சேக்காடு ஃப்ளாட்டு, மூணாவது மாடி. நல்ல ஊட்டுத் துணிம்மா."

நாலாம் நாள் அந்தப் பெண் பையோடு வந்தாள். கூடப் படிக்கிற ஒருத்தி, அது தான் போட்டுக் கழித்த சுடிதார் என்று வகுப்பில் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாளாம். இனிமேல் காலேஜுக்கே போகப்போவதில்லை என்றாள்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. அவளை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். சுடிதாரை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னீர்கள். அதற்குள் கழுத்தை மாற்றி, கையைக் குறைத்து, அடர்நீலச் சாயத்தில் முக்கி எடுத்தீர்கள். அவள் வந்ததும் வேறு நாலு நீல டாப்புகளுக்கு நடுவில் அதையும் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். "இதுல இந்தப் பிள்ளையோடது எதுன்னு எடு பாப்போம்."

சட்டென்று எடுத்துவிட்டேன். "இதாங்க்கா. சைடு தையலு கோணலா கீது பாரு. அவங்க ஊட்டு டெய்லர் போட்டது."

அவள் முகம் செத்துப்போனது. நீங்கள் அந்தத் தையலைப் பிரித்து நேராகப் போட்டு, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி இடம் மாற்றி மாட்டினீர்கள். இந்த முறை ஐந்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒன்றை உருவி நீட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அது என்னுது இல்ல தாத்தா."

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனாள். என்னிடம் காட்டவேண்டும் என்றே கடை வழியாகப் போனாள்.

அன்று நீங்கள் போட்ட சட்டம் இன்றுவரை நடக்கிறது. தைத்து முடித்ததை என் முன்னால் விரிப்பார்கள். எனக்கு அடையாளம் தெரிந்தால் அது மறுபடி மிசினுக்குப் போகும். தெரியாவிட்டால்தான் ஹேங்கருக்குப் போகும். ஆவடி, பட்டாபிராம் பிள்ளைகளெல்லாம் இப்போது கூட்டமாக வந்து, கண்ணாடி முன்னால் வம்பளந்துகொண்டே எடுக்கிறார்கள். எவரும் முகத்தை மறைத்துக்கொண்டு வருவதில்லை.

போன வாரம் ஐடியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, படிக்கிற தங்கைக்கு என்று பச்சைக் குர்தா ஒன்றை எடுத்தாள். தையலைத் தடவிப் பார்த்து மெச்சினாள். யார் வீட்டுத் துணி என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

அவள் படியிறங்கியதும் செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நைனா, அது அந்தம்மாவே போன மாசம் பையில கொணாந்து குட்த்ததுதான்."

அத்தனை வீட்டுத் துணியும் இந்தத் தலைக்குள் இருக்கிறது அக்கா. அந்தப் பச்சைக் குர்தா மட்டும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.