பதினைந்து நிமிடக் கையெழுத்து

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இஸ்திரிப் பெட்டியோடு குடித்தனம் நடத்தும் உன் புருஷன் எழுதுவது. நானும் மகளும் நலம். வேலைக்குப் போன வீட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என்றால் நடுவில் ஏதாவது கேலி பேசித் தப்பித்துவிடுவேன், நீயும் சிரித்துவிடுவாய். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ மகளுக்கு அனுப்பிய பச்சைக் கவுன் வந்து சேர்ந்தது. முழங்காலுக்கு மேலே நிற்கிறது. நீ போனபோது இருந்த அளவுக்கு வாங்கியிருக்கிறாய்.

விஷயம் அவளைப் பற்றித்தான். பள்ளிக்கூடத்தில் ஓர் அட்டை கொடுத்தார்கள். தினமும் பதினைந்து நிமிடம் பிள்ளை சத்தமாகப் படிக்க வேண்டும், வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு உட்கார ஏது நேரம்? அவளைக் கடைக்கு வரச் சொல்லி, மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். நாலு பேர் முன்னால் படித்தால் கூச்சம் போகும் என்று நினைத்தேன். பெரிய புத்திசாலி அல்லவா நான்.

அவள் ஒரு சொல்லில் நின்றால் நான் மேசைக் காலை உதைத்து, கிளம்பாத மோட்டார் சைக்கிள்போல் வாயால் சத்தம் போடுவேன். தேய்த்த துணி வாங்க வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். கொஞ்ச நாளில் தலைவலி, வீட்டுப்பாடம், புத்தகத்தைக் காணோம் என்று தினம் ஒரு சாக்கு. எனக்கும் வேலை மிச்சம் என்று விட்டுவிட்டேன். கையெழுத்தை மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுவேன்.

போன வாரம் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். இப்படியே போனால் அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டியதுதானாம். அட்டையை என் முன்னால் வைத்து, வீட்டில் உண்மையிலேயே படிக்கிறாளா என்று கேட்டார். அவளை வைத்துக்கொண்டே, "வீட்டுல கடகடன்னு படிக்கிறா டீச்சர். இங்கதான் நடிக்கிறா" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் கையைப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கடையில் ஆள் இல்லாத நேரம், நானே படித்துக் காட்டலாம் என்று அவள் புத்தகத்தை எடுத்தேன். மூன்றாவது வரியிலேயே மாட்டிக்கொண்டேன். இவள் கேலி செய்வாள், செய்யட்டும், சரிக்குச் சரி ஆகிவிடும் என்று காத்திருந்தேன். அவள் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "யாருக்கும் கேக்காதுப்பா. மெதுவாப் படி" என்றாள்.

நீ வேலை பார்க்கும் வீட்டுப் பையன் உன்னோடு உட்கார்ந்து முழுப் புத்தகமும் படித்துவிட்டான் என்று போன மாதம் பெருமையாகச் சொன்னாயே, அப்போது அவளும் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதை மனதில் வைத்திருந்தவள், அன்று சாயங்காலம் புத்தகத்தை மூடி வைத்ததும் கேட்டாள்: "அம்மா அந்தப் பையனைப் பாத்து சிரிக்க மாட்டாங்கல்ல?"

மாட்டாள் என்றேன்.

இன்னும் இரண்டு வருடம் இருந்துவிட்டு வரவா என்று கேட்டிருந்தாய். அதை நான் எப்படிச் சொல்ல? எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அந்தப் பையன் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் நீ எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறாய்? அந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறாய்?

எழுதினால் எனக்கு விளங்காது என்று தோன்றினால், வந்து காட்டு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்