ஐந்தாவது கையெழுத்தும் ஆறு மூடை உப்பும்

ஜூலை 7, திங்கள்

சோளகக் காற்று விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட இரண்டு அபாயாவும் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். பாடசாலையில் உடற்பயிற்சிப் பாடம் இரண்டு. வெயில் ஏறுமுன் முடித்தேன்.

பத்து மணிக்குப் பிரதேச சபையிலிருந்து ஃபோன். சபைத் தலைவரான தவிசாளர் சனிக்கிழமை காலை எட்டரைக்குக் காணி பார்க்க வருகிறாராம். முன்பு தென்னங்கன்று நாற்றுமேடை போட்டிருந்த அரச காணி. கல்பிட்டி வீதியோரம், ஐந்து ஊருக்கும் நடுவில். இரண்டு வருடமாக நான் எழுதித் தள்ளிய கடிதங்களுக்கு வந்த முதல் பதில். சந்தோஷத்தில் தேத்தண்ணீருக்கு இரண்டு தரம் சீனி போட்டுவிட்டேன்.

ஒரு நிபந்தனை. ஐந்து ஊர் விளையாட்டுக் கழகங்களும் கையெழுத்து வைக்க வேண்டும்: ஊருக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன மைதானம் வேண்டாம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய இளைஞர் விளையாட்டுப் பூங்கா வேண்டும் என்று. ஒரு கழகம் மறுத்தாலும் வேலை ஐந்தாகப் பிரிந்துவிடும். பிறகு ஐந்து ஊருக்கும் ஆளுக்கொரு கம்பி வேலியும் ஒரு பெயர்ப்பலகையும்தான்.

நிலவரம்:
சேர்ச் பக்கம் – அன்ரன் அண்ணன் வைத்துவிட்டார்.
வடக்கிலிருந்து வந்தவர்களின் குடியேற்றம் – சரி. வட்டிலப்பமும் தந்தார்கள்.
சந்திக் கழகம் – சரி.
சிங்களக் கிராமம் – சரி. தலைவர் இரண்டு மொழியிலும் வைத்தார்.
எங்கள் ஊர் – இல்லை.

எங்கள் ஊர்க் கழகத்தின் தலைவர் நிசாம். என் வீட்டுக்காரர்.

நாலு ஊர் ஏறி இறங்கி வாங்கியாயிற்று. என் குசினிக்குள் இருக்கிற ஆளிடம் வாங்க முடியவில்லை. யாரிடம் சொல்லிச் சிரிப்பது.

ஜூலை 8, செவ்வாய்

காற்று. மண். இடியப்பத்திலும் மண்.

காலைச் சாப்பாட்டோடு கதையைத் தொடங்கினேன். என்னைத் தவிர வேறு யாரும் இந்த டயறியைப் பார்க்கப் போவதில்லை என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"அஞ்சு வயசுப் புள்ள விளையாட மூணு கிலோமீட்டர் போகுமா? நீயே சொல்லு" என்றார் இவர்.

"சின்னப் புள்ளையலுக்கு ஊருக்குள்ள இரிக்கிற வளவு போதும். நான் கேக்கிறது பெரிய புள்ளையலுக்கு."

"அஞ்சு ஊரும் ஒரே இடத்துல கூடினா அடிபிடிதான் புள்ள. போன வருசம் சந்திக்காரன்களோட வந்தது மறந்து போச்சா?"

மறக்கவில்லை. எங்கள் ஊர்க் கிரிக்கெட் மைதானத்தின் நடுவே இரண்டு தென்னை, ஓரத்தில் ஒரு கிணறு. பந்து மரத்தில் பட்டால் இரண்டு ஓட்டம், கிணற்றுக்குள் போனால் ஆட்டமிழப்பு. ஊர்ச் சட்டம். சந்திக் கழகத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. அரையிறுதியில் பந்து மரத்தில் பட்டுக் கிணற்றுக்குள் போனது. இரண்டு ஓட்டமா, ஆட்டமிழப்பா? அடிக்கப் பொல்லெடுத்தார்கள்.

"சண்டை வந்ததே கிரவுண்ட் சின்னதால. அஞ்சு அரைக் கிரவுண்டை வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? சேத்துக் கூட்டினாலும் ரெண்டரை வராது. எல்லாம் அரைதான்."

லொறிச் சாவியை எடுத்துக்கொண்டு உப்பு ஏற்றப் போய்விட்டார். ஆனால் சோத்துப் பெட்டியை மறக்கவில்லை. கோபம் முழுசா இல்லை என்று கணக்கு.

மின்சார பில். கனமூலையில் இருக்கிற தங்கச்சிக்கு ஃபோன் பண்ண வேண்டும். தண்ணீர் மோட்டர் மறுபடி இரைகிறது.

ஜூலை 9, புதன்

ஷிஃபாவுக்கு மாலைப் பயிற்சி. தரம் பத்து, குடியேற்றத்துப் பிள்ளை, 800 மீற்றர். மெல்லிய கால், நல்ல நெஞ்சுரம். பாடசாலை வளவில் ஒரு சுற்று 130 மீற்றர்தான். ஆகவே அவளுக்கு 800 என்றால் ஆறு சுற்றும் கொஞ்சமும். வலய விளையாட்டுப் போட்டிக்குப் போனபோது அங்கே இரண்டே சுற்று. எங்கே வேகம் கூட்டுவது என்று தெரியாமல் முழுப் பலத்தையும் முதல் சுற்றிலேயே கொட்டிவிட்டாள். நாலாவது. அழவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒரு கேள்வி மட்டும்.

"டீச்சர், அந்த மாதிரி ரெண்டு சுத்து ஓடினா, முதல் சுத்து முடியிற நேரம் மூச்சு எப்படி இரிக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை. நானும் அப்படி ஒரு சுற்று ஓடியதில்லை. இருபது வருடம் உடற்கல்வி படிப்பிக்கிறேன், இதை எழுதக் கை கூசுகிறது.

இன்று வீதியோரம் ஓடவிட்டேன். மூன்று உப்பு லொறி, ஒரு மீன் லொறி. மூன்றாவது உப்பு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசிப் போனது. பிள்ளை வேலிக்குள் பாய்ந்து முழங்கையில் கீறல். லொறியைப் பார்த்தால் நம்முடையது. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"நான்தான். நான் கண்டேனே, மெதுவாத்தான் போனேன்."

"மெதுவாவா? புள்ளைக்குக் கை கிழிஞ்சிருக்கு."

முகம் விழுந்துவிட்டது. இஷாத் தொழுகைக்குப் பிறகு மருந்துப் பூச்சும் ஒரு பிஸ்கட் பெட்டியும் வாங்கிக்கொண்டு குடியேற்றத்துக்குப் போய் வந்தார். என்னிடம் சொல்லவில்லை. ஷிஃபாவின் உம்மா ஃபோனில் சொன்னார்.

இந்த மனுசனோடு முழுக் கோபமாக இருக்கவும் முடிவதில்லை.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி, போயா விடுமுறை

காலை முழுக்கக் கடிதம். எழுதியதை இவருக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். கதிரையில் இருந்து ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தார். விரல் நகரவில்லை, கேட்கிறார்.

நான் எழுதியது: எந்த ஊரிலும் முழு ஓட்டப் பாதை இல்லை. ஐந்து இடத்தில் ஐந்து வலைக் கம்பம் நட்டாலும் ஒரு பிள்ளைக்கும் நீளம் பாயப் போதிய ஓடுதூரம் வராது. இந்தக் காணியின் வாசலில் பஸ் நிற்கும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், உடுப்பு மாற்ற ஓர் அறை, கழிப்பறை. இதை ஐந்து தரம் கட்ட முடியாது, ஒரு தரம் ஒழுங்காகக் கட்டலாம். ஐந்து கழகமும் மாதத்துக்கு ஒன்றாக மாறி மாறிச் சாவி வைத்திருக்கும்.

பிறகு இவர் செவ்வாய்க்கிழமை சொன்னதை யோசித்தேன். ஐந்து வயதுப் பிள்ளை. அது நியாயம். கடைசியில் ஒரு பந்தி சேர்த்தேன்: ஊர்களில் இப்போது உள்ள சின்ன வளவுகளைச் சிறுவர்களுக்காக அப்படியே விட வேண்டும், அவற்றை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. வாசித்தேன்.

"அத முன்னமே எழுதியிருக்கலாமே" என்றார் ஃபோனைப் பார்த்தபடி.

கையெழுத்துத் தாளை மேசையில் பூச்சாடிக்குக் கீழே வைத்தேன். இரவு பார்த்தேன், அதே இடத்தில், வெறுமையாக. ஆனால் பேனை இடம் மாறியிருந்தது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் மைதானம் இவருடைய இளமை. வேகப்பந்து வீச்சாளர். தென்னை மரம் குறுக்கே நிற்பதால் ஆறு அடி நேராக ஓடி, மரத்தைச் சுற்றி வளைந்து வந்து போடுவார். ஊரில் யாராலும் அடிக்க முடியாது. பத்தொன்பது வயதில் மாவட்ட அணித் தெரிவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மரம் இல்லை. நேராக ஓடி வந்து போட்டதெல்லாம் கால் கோட்டைத் தாண்டி நோபோல். எத்தனை என்று இன்றுவரை சொன்னதில்லை. கலியாணமாகி இவ்வளவு காலத்தில் ஒரு தரம்தான் அந்தக் கதை வந்தது, அதுவும் காய்ச்சலில்.

அந்த மரத்தை இவர் ஒருபோதும் குற்றம் சொன்னதில்லை. எனக்குத்தான் அதைக் கண்டால் ஆத்திரம்.

ஜூலை 11, வெள்ளி

நாளைக்குக் காட்டக் காணியில் ஓட்டப் பாதைக் கோடு போட வேண்டும். வெறும் காணியைக் காட்டினால் தவிசாளருக்கு எருக்கலைச் செடிதான் தெரியும். பாடசாலைச் சாமான் அறையைத் திறந்தால் சுண்ணாம்பு மூடை இரண்டும் ஈரம் பட்டுக் கல்லாகிவிட்டது. கடைகள் ஜும்ஆவுக்காகப் பூட்டு. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தொழுது முடித்து இவர் லொறியோடு காணி வாசலில். நான் கூப்பிடவில்லை.

"ஆறு மூடை இரிக்கி. கழிவு உப்பு. வெள்ளைதானே, போடுங்க."

அல்லாஹ்வே, இந்தக் கடற்கரையில் பிறந்தவனுக்கு மட்டும்தான் இப்படி மூளை ஓடும். அன்ரன் அண்ணன் வள்ளத்துக் கயிறு கொண்டு வந்தார். அளந்து முளை அடித்து, கயிறு பிடித்து, கயிற்றோரம் உப்புப் போட்டோம். 400 மீற்றர், ஒரு முழுச் சுற்று. மஃரிப் தொழுகைக்கு முன் முடிந்தது. வெயில் சாயும் நேரம் உப்புக் கோடு மினுங்கியது. நான் பார்த்ததிலேயே அழகான வட்டம்.

அன்ரன் அண்ணன் கடல் தொழிலுக்குப் போவதால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். முளைகள் மட்டும் நிற்கின்றன.

இவரிடம் கேட்டேன். "உப்புத் தந்தீங்க. கையெழுத்து?"

"உப்பு வேற. கையெழுத்து வேற. என்ட பொடியன்களுக்கு நான் என்னத்தச் சொல்றது?"

சரி. நாளைக்கு நாலோடு போவேன்.

ஜூலை 12, சனி

சுபஹ் தொழுகைக்குப் பிறகு காணிக்கு. காற்று கொஞ்சம் குறைவு.

கழுதைகள்.

இருபது, இருபத்தைந்து இருக்கும். கல்பிட்டி வீதியில் திரிகிற அத்தனையும். நடுவில் ஏழெட்டு மாடு. எல்லாம் ஒழுங்காக வரிசையில், வளைவில் வளைந்து, நேரில் நேராக, தலை குனிந்து உப்பை நக்கிக்கொண்டு. ஒன்றுகூடப் பாதையை விட்டு விலகவில்லை. ஓட்டப் பாதையின் முக்கால் பங்கு வயிற்றுக்குள்.

முதலில் அழுகை வந்தது. பிறகு சிரிப்பு. பிறகு திரும்ப அழுகை. இவர் லொறியிலிருந்து இறங்கினார். பார்த்தார்.

"நான் யோசிக்கல்ல புள்ள. சத்தியமா யோசிக்கல்ல."

"தெரியும்."

எட்டு மணி. நாலு கழகத்துப் பிள்ளைகளும் தங்கள் தங்கள் நிற மேற்சட்டையோடு வந்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பொடியன்களும் வந்தார்கள், ஆனால் வீதிக்கு அந்தப் பக்கம், மதிலில் ஏறி இருந்துகொண்டு. தலைவர் சேரவில்லை என்றால் அவர்களும் சேர மாட்டார்கள்.

கழுதைகளைக் கலைத்ததும் கோடே இல்லை. மிச்ச உப்பு அரை மூடை. இவர் முளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். திடீரென்று சத்தம் போட்டார்.

"கோடு எதுக்கு? புள்ளையல நிப்பாட்டுங்க! முளைக்கு முளை, கை நீட்டி!"

ஓடினோம். நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை. பிள்ளைகள் கை நீட்டிக்கொண்டு நிற்க நிற்க மைதானம் உருவாகியது. நேர்ப் பாதை இரண்டும் வந்தது, ஒரு வளைவு வந்தது, மற்ற வளைவு பாதி வந்து நின்றுவிட்டது. ஆள் போதவில்லை. வாசலுக்கு நேரே பெரிய இடைவெளி.

வீதியில் தவிசாளரின் வாகனம்.

நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. விசில் சத்தம் மட்டும் கேட்டது, இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கிற இவருடைய விசில். மதிலில் இருந்த எங்கள் ஊர் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் குதித்து வீதியைத் தாண்டி ஓடி வந்தன. இடைவெளி மூடியது. ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் குறைந்தது. அங்கே இவரே போய் நின்றார், ஒரு கை எங்கள் பொடியனோடு, மறு கை சந்திக் கழகத்துக்காரனோடு. போன வருடம் பொல்லெடுத்தவன் அவன்தான்.

தவிசாளர் இறங்கி, வேலியோரம் காத்து நின்ற கழுதைகளைப் பார்த்தார். "இவங்கதான் ஆறாவது கழகமா?"

சொல்ல வைத்திருந்த பேச்சு எல்லாம் போய்விட்டது. ஷிஃபாவுக்குக் கை காட்டினேன். ஓடினாள். பிள்ளைகளின் கைகளுக்கு உள்ளே, முழங்கையில் பிளாஸ்டரோடு. முதல் சுற்று முடிந்து எங்களைத் தாண்டும்போது வேகம் கூட்டவில்லை, அடக்கிக்கொண்டாள். இரண்டாவது வளைவில் காற்று எதிரே. நேர்ப் பாதைக்கு வந்ததும் விட்டாள். அவள் தாண்டத் தாண்ட எல்லா நிறங்களும் கத்தின.

"டீச்சர், இப்ப தெரியும்" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. அவ்வளவுதான்.

தவிசாளர் கடிதத்தைக் கேட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலுதானே இரிக்கி?"

இவர் என் கைப்பையைத் திறந்து பேனையை எடுத்தார். லொறி பொனற்றில் வைத்து, பெயர், பதவி, திகதி, எல்லாம் ஒழுங்காக. வாழ்க்கையில் முதல் தரமாக இவரது கையெழுத்தை வாசிக்க முடிந்தது.

அடுத்த சபைக் கூட்டத்தில் தானே முன்மொழிவதாகத் தவிசாளர் சொன்னார். வாக்குறுதி இல்லை என்றும் சொன்னார். இருக்கட்டும். எனக்கு இன்று நிறைவு. பகலுக்கு இறால் குழம்பு. எல்லாரும் அதிகம் சாப்பிட்டோம்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று மறுபடி. தொழுதுவிட்டுப் பார்த்தால் இவரைக் காணோம். லொறி இருக்கிறது, சைக்கிள் இல்லை. அலுமாரிக்கு மேலே இருந்த பழைய பந்தும் இல்லை. மோட்டர் திருத்துபவரை வரச்சொல்லிவிட்டுக் காணிக்குப் போனேன்.

அந்தப் பெரிய வெட்டவெளியில் தனியாக. மிச்ச உப்பில் ஒரு சின்னக் கோடு கிழித்திருந்தார். அங்கிருந்து பின்னால் அடி அளந்துகொண்டு போனார். இருபத்திரண்டு. நேர் கோட்டில், குறுக்கே ஒன்றும் இல்லை. வயிறு கொஞ்சம் குலுங்கத்தான் ஓடி வந்தார். போட்டார். பந்து எங்கோ எருக்கலைக்குள்.

போட்ட காலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"வந்து பாரு புள்ள. கால் எங்க இரிக்கி?"

போய்க் குனிந்து பார்த்தேன். கோட்டுக்கு ஒரு சாண் பின்னால். கழுதைகள் வருவதற்குள் பார்த்துவிட்டேன்.