ஏழாம் திரைக்கு ஒரு பெயர்

தெம்பனிஸ்
சிங்கப்பூர், 7 ஜூலை 2025, திங்கள்

அன்புள்ள அஃப்னா,

வாட்ஸ்அப்பில் எழுதினால், குழந்தையின் படம் பார்க்கிறேன் என்று யாராவது போனை எடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் மின்னஞ்சல். ஆதிரைக்கு இரண்டாவது பல் வந்துவிட்டது. கடிக்கிறாள்.

உன் கண்காட்சி அழைப்பிதழ் வந்தது. நான் ஒளித்து வைப்பதற்குள் திலீப் அதைத் தன் அம்மாவிடம் காட்டிவிட்டார். "நம்ம இனியாவோட ஃபிரெண்டு, கண்டிப்பா போவோம்" என்று அத்தை சனிக்கிழமைக்குப் புடவைகூட எடுத்து வைத்துவிட்டார்.

பன்னிரண்டு துணித் திரை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெண்ணின் பதிவுசெய்த குரல். ஏழாம் திரைக்குப் பின்னால் இருப்பது என் குரல். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசி உனக்கு அனுப்பிய குரல்பதிவு. "இவள் அழும்போது எழுந்து போய்விடத் தோன்றுகிறது. சாங்கி வரை பஸ்ஸில் போய், இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கத் தோன்றுகிறது." நீ அனுமதி கேட்டபோது சரி என்றேன். அத்தை வருவார் என்று அப்போது நினைக்கவில்லை.

அவர் அதைக் கேட்டால் இனி என் கையில் பிள்ளையைக் கொடுக்கவே யோசிப்பார். எடுத்துவிடேன்.

இனியா


ஃபேரர் பார்க்
8 ஜூலை

இனியா,

உன் குரல், நீதான் முடிவு சொல்ல வேண்டும். நான் கெஞ்சமாட்டேன். எடுத்தால் அங்கே வெறும் திரை தொங்கும். வருகிறவர்கள் அதற்கும் ஏதாவது அர்த்தம் சொல்வார்கள்.

ஆனால் ஒன்று. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நீ பேசுவது காற்று மாதிரி இருக்கிறது, பாதிக்கு மேல் தண்ணீர்ச் சத்தம். எனக்கே முதலில் யாரென்று தெரியவில்லை. இரண்டாவது வரியில்தான் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

அஃப்னா


10 ஜூலை

அஃப்னா,

இருக்கட்டும். ஆனால் நான் வரவில்லை. ஆதிரைக்குச் சளி என்று சொல்லிவிட்டேன். சளி இருப்பது உண்மைதான், கொஞ்சம்.

அத்தையின் முகம் எப்படி மாறியது என்று மட்டும் எழுது. மறைக்காதே.

இனியா


13 ஜூலை, ஞாயிறு

அன்பு இனியா,

எதுவும் நடக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் அத்தையும் திலீப்பும் சிராங்கூன் ரோடு காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்தார்கள். உள்ளே இருட்டாக, திரைகளோடு சந்நிதி மாதிரி இருந்ததால் அத்தை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். பின்னால் வந்தவர்களும் கழற்ற, மாலைவரை வாசலில் ஒரே செருப்புக் குவியல். காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆரிஃப் ஒன்றும் புரியாமல் அதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான்.

ஏழாம் திரையில் திலீப், "சவுண்டு கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார். அப்புறம் எட்டுக்குப் போய்விட்டார்.

அத்தை போகவில்லை. மூன்று முறை கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார். நல்லா இருக்காங்க ஆன்ட்டி என்றேன். "வீட்ல யாருமே கேக்கலையா? கூட இருக்கறவங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்றை எடுத்து ஒலிபெருக்கிக்குக் கீழே வைத்தார். "பேத்திக்குன்னு வாங்கினது. அந்தப் பொண்ணுக்கு இருக்கட்டும்."

அது என் படைப்பில் ஒரு பகுதி என்று நினைத்து ஆரிஃப் அதைத் தொடாமல் சுற்றித் துடைக்கிறான்.

நீ பயந்தது நடக்கவில்லை. நிம்மதியாக இரு.

அஃப்னா


தெம்பனிஸ்
16 ஜூலை, புதன்

அன்புள்ள அஃப்னா,

நிம்மதியாக இருக்கத்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை வீடு திரும்பியதும் ஆதிரைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அத்தை அந்தப் பெண்ணின் கதையை என்னிடமே சொன்னார். "யாரு பெத்த பிள்ளையோ. பஸ்ஸுல போய் உக்காந்துக்கணும்னு சொல்லுதும்மா." சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ஆமா அத்தை" என்றேன். தண்ணீர்ச் சத்தம் பின்னணிக்கு நன்றாக இருந்தது என்றார் திலீப். அது எங்கள் வீட்டுக் குழாய்.

நான்கு நாளாக யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம். உன்மேல் இல்லை. முன்பின் தெரியாத பெண்ணுக்காக அவ்வளவு நேரம் நின்றாரே என்று அத்தைமேலும் கோபப்பட முடியவில்லை. அந்த நாற்பது நாளில் என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் நான் குழாயைத் திறந்திருக்கமாட்டேன்.

ஏழாம் எண்ணுக்குக் கீழே பெயர் போடு. தமிழில் போடு, அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்கச் சிரமம். இனியா, தெம்பனிஸ். அது போதும்.

வருகிற சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் வருகிறோம். ஆதிரையை அத்தை கையில் கொடுத்து அந்தத் திரைக்கு முன்னால் நிற்கவைக்கப் போகிறேன். வாசித்துவிட்டுப் பிள்ளையை என்னிடம் திருப்பித் தருகிறாரா என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பெயரைப் போட்டுவிடு.

அந்தப் பொட்டலத்தை எடுக்க வேண்டாம் என்று ஆரிஃபிடம் சொல். அது எனக்கு வந்தது. நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உன்
இனியா