மூன்று என்று எழுதிய வீடு

மார்ச் 4, செவ்வாய்

காலைப் பிரார்த்தனை முடித்ததும் எடை போட்டேன். வெங்காயத் தோல், உருளைக்கிழங்குத் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு: 215 கிராம். மீந்த சாப்பாடு: 390. மொத்தம் 605. வாளியின் எடை 340-ஐக் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

இன்று இருபத்திரண்டாம் நாள். ஒரு நாளும் விட்டதில்லை.

இந்த நாட்டில் நூற்றிருபது வீடு, கடல் தாண்டி இன்னொரு நாட்டில் நூற்றிருபது வீடு. இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, சமையலறையில் தினம் எவ்வளவு கழிகிறது என்று பார்க்கின்றன. அதிலிருந்து எரிவாயு, உரம், மண்ணில் மக்கிப்போகும் பை எல்லாம் செய்யலாமாம். அரசாங்கம் எழுதும் பெரிய திட்டத்தில் எங்கள் கிராம்கள் ஏறும். உயிரிப் பொருளாதாரம் என்று அதற்குப் பெயர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நூலகத்தில் புத்தகம் எடுத்து மூன்று தடவை படித்த பிறகுதான் பிடிபட்டது. தோண்டத் தோண்டத் தீர்ந்துபோவதை விட்டுவிட்டு, முளைத்து முளைத்து வருவதை வைத்துப் பிழைப்பது. ஆண்டவன் முதல் நாளிலிருந்து அப்படித்தானே நடத்துகிறான்? இதற்கு இத்தனை பெரிய பெயரா?

மார்ச் 5, புதன்

590. மீந்தது மட்டும் 360. கை இன்றும் தாராளம்.

மார்ச் 11, செவ்வாய்

பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அம்மா வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மூட்டு வலியோடு மூன்று மாடி ஏறி வந்து, முதலில் நாற்காலியைத்தான் தேடுவார். நோட்டைப் புரட்டிவிட்டு, அடித்தல் திருத்தல் இல்லாத ஒரே வீடு இதுதான் என்றார். காது குளிர்ந்தது. பெருமை பாவம் என்று தெரியும். இருந்தாலும் குளிர்ந்தது.

சாமி படத்துக்கு வைத்து வாடிய பூவை என்ன செய்வது என்று கேட்டேன். அதைக் குப்பை என்று எழுதக் கை வரவில்லை. 'பூ' என்று தனி வரி போடச் சொன்னார். இனி தனி வரி.

போகும்போது, வீட்டில் மற்ற இரண்டு பேரையும் ஒருநாள் பார்க்க வேண்டும் என்றார். வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். பொய் இல்லை. வேலைக்குத்தான் போயிருக்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன்

நூலகத்தில் கூட்டம். சுவரில் பெரிய திரை, அதில் அந்த நாட்டுக்காரர்கள். பேசுவதை ஒருவர் நம் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கேயும் என் வயதில் ஒரு பெண் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாளா, வேறு யாரையாவது பார்த்தா, தெரியவில்லை. நானும் அசைத்தேன்.

அந்த நாட்டு ஆய்வாளர் ஒரு வரைபடம் காட்டினார். ஆளுக்கு எவ்வளவு கழிகிறது என்று வரிசை. இருநூற்று நாற்பது வீட்டில் மிகக் குறைவு நாற்பத்தேழாம் வீடு. மூன்று பேர், ஆளுக்கு 200 கிராம்.

நாற்பத்தேழு நான்.

கை தட்டினார்கள். மாடி வீட்டுத் தையல்காரி என் விலாவில் இடித்தாள். "அக்கா, உங்க குப்பைக்கு மெடலாம். எங்க வீட்டுக்காரர் ஒருத்தரை வாளியில போட்டாலே எனக்கு எண்பது கிலோ தாண்டிடும்."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

படிவத்தில் 'எத்தனை பேர்' என்று ஒரு கட்டம். அதன் கீழே பொடி எழுத்தில், 'இந்த வீட்டில் அன்றாடம் சாப்பிடுபவர்கள்'. படித்தேன். படித்துவிட்டுத்தான் மூன்று என்று எழுதினேன். அவர், மகன், நான்.

அவர் கப்பல் இன்ஜினியர். கடைசியாக வந்துபோய் இரண்டு வருஷம், நாலு மாதம். விடுப்பு கிடைத்தாலும் கப்பல் நிற்கும் துறைமுக ஊரிலேயே தங்கிவிடுகிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. மகன் வேறு ஊரில் வேலைக்குப் போய் நாலு வருஷம். ஞாயிறு ஞாயிறு போன் பண்ணுவான்.

ஒன்று என்று எழுதினால் — யாரோ இதைப் படித்துவிட்டால் — அது நிஜமாகிவிடும் போல இருந்தது.

ஆனால் கழிவு 600. அதை ஒன்றால் வகுத்தால்?

வகுத்தேன். இருநூற்று நாற்பது வீட்டில் என்னைப் போல் சோற்றைக் கொட்டுகிறவள் வேறு யாரும் இல்லை.

மார்ச் 27, வியாழன்

ஆய்வாளர் அம்மா போன். ஏப்ரல் ஏழாம் தேதி அந்த நாட்டுக்காரர்கள் நேரில் வருகிறார்கள். மாதிரி வீடு என்று திட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சரி என்றேன்?

மார்ச் 30, ஞாயிறு

மகன் பேசினான். ஏழாம் தேதி வர முடியுமா என்று கேட்டேன். "திங்கட்கிழமையாம்மா? லீவு கிடைக்காதே. என்ன விசேஷம்?" ஒன்றும் இல்லை என்றேன். சாப்பிட்டியா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. நூலகத்துக்குப் போய்த் திட்டத்தின் வரைவை முழுக்கப் படித்தேன். பேட்டைக்கு ஒரு கழிவுத் தொட்டி கட்டி, அதில் எரிவாயு எடுப்பார்கள். தொட்டி எவ்வளவு பெரிது என்பதை ஆளுக்கு இவ்வளவு கிராம் என்ற கணக்கில்தான் முடிவு செய்வார்கள். கணக்குக் குறைந்தால் தொட்டி சின்னதாகிவிடும். நிரம்பி வழிந்து நாறும். இதே கணக்கில் அந்த நாட்டிலும் கட்டுவார்கள் — வாளியை மடியில் வைத்திருந்தாளே, அவள் தெருவிலும்.

வழிந்தால் அது என் மூன்று.

சாமி படம் முன்னால் நின்று, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். அவனா எழுதினான்? நான்தானே எழுதினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆய்வாளர் அம்மாவை வரச் சொன்னேன். அவர் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்தி.

அவர் கோபப்படவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தார்.

"நேத்து எத்தனை பேருக்குச் சமைச்சீங்க?"

"மூணு பேருக்கு."

"எத்தனை பேர் சாப்பிட்டாங்க?"

"நான் மட்டும்தான்."

"தெரிஞ்சேவா சமைக்கிறீங்க?"

தெரிந்தே என்று எப்படிச் சொல்வது? அரிசி அளக்கும்போது கை தன் பாட்டுக்கு மூன்று முறை போய்வருகிறது. ஒரு முறையோடு நிறுத்தினால் பானையின் அடி தெரிகிறது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இத்தனையையும் சொல்லவில்லை. கை பழகிப்போச்சுங்க என்று மட்டும் சொன்னேன்.

படிவத்தை என் பக்கம் தள்ளினார். "நான் மாத்தினா அது திருத்தம். நீங்களே எழுதுங்க."

மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன். நான் எழுதியதில் முதல் அடித்தல். பிறகு தேநீர் போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். சக்கை 12 கிராம்.

ஏப்ரல் 7, திங்கள்

படம் எடுக்க யாரும் வரவில்லை. 570.

ஏப்ரல் 16, புதன்

எல்லா வீட்டுக்கும் போன் பண்ணி மறுபடி கேட்டார்களாம். இங்கே பத்தொன்பது வீட்டில், அங்கே இருபத்தாறில், இல்லாதவர்களையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். படிக்கப் போனவர்கள், பிரிந்து போனவர்கள். ஒரு வீட்டில், இறந்து ஆறு மாதமான ஒருவர். இரண்டு நாட்டுக்காரர்களும் கலந்து பேசி, படிவத்தின் கேள்வியையே மாற்றிவிட்டார்கள். 'நேற்று இந்த வீட்டில் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்?' இனி தினமும் எழுத வேண்டும்.

நாற்பத்தைந்து வீடு. எத்தனை பானை.

ஏப்ரல் 17, வியாழன்

இரண்டு முறை அளந்து, ஒன்றைத் திருப்பிக் கொட்டினேன். பானையின் அடி தெரிந்தது. பார்த்தேன். 310. பேர்: 1.

ஏப்ரல் 23, புதன்

தையல்காரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மெடல் போச்சே அக்கா என்று கேலி செய்துகொண்டே வந்தவள், பெரிய பானையைக் கேட்டாள், துணிக்குச் சாயம் போட. கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். அவளுக்குக் கேட்டிருக்காது. மேலே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மே 5, திங்கள்

கடைசி எடை. சாப்பாடு மீதி இல்லை. தோல், சக்கை 140. பூ 8. பேர்: 1.

வாளியையும் தராசையும் திருப்பிக் கொடுத்தேன். வாளி இருந்த இடத்தில் தரையில் ஒரு வட்டம்.

ஜூன் 21, சனி

திட்டப் புத்தகம் தபாலில் வந்தது. இருநூறு பக்கம். என் வீடு எதிலும் இல்லை. அறுபத்து மூன்றாம் பக்கத்தின் அடியில் மட்டும் ஒரு வரி: 'ஆள் கணக்கு, அன்று வீட்டில் உணவு உண்டவர்களை வைத்து எடுக்கப்பட்டது.' அந்தப் பக்கத்தில் வாடிய பூ ஒன்றை வைத்து மூடினேன்.

மத்தியானம் அவர் போன் பண்ணினார். போன ஞாயிறு நான் மகனிடம் சொன்னதை அவன் சொல்லியிருக்கிறான்.

"ஒண்ணுன்னு எழுதிட்டியாமே? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"சாப்பிட்டது யாருன்னுதாங்க கேட்டாங்க."

அந்தப் பக்கம் கப்பல் சத்தம் கேட்கவில்லை. ஏதோ ஒரு வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்.

"நான் வந்தா எத்தனைன்னு எழுதுவே?"

"வந்து சாப்பிடுங்க. எழுதறேன்."

வைத்துவிட்டார். ஒரு முறை அளந்து உலை வைத்தேன்.