உங்கள் பெயரைக் கழற்றினேன்

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

கடிதத்திலும் இப்படித்தான் கூப்பிட வருகிறது. ஊரெல்லாம் உங்களைப் பெயர் சொல்லி அழைத்தது. நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இந்தக் கடிதமோ அந்தப் பெயரைப் பற்றியதுதான். கோபிக்காமல் கடைசிவரை கேளுங்கள்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் கறுப்புக் கார் வாசலில் நிற்கிறது. என் தம்பி இராசன் ஓட்டுகிறான். தண்ணீரூற்றிலிருந்து வவுனியாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் வழக்குக்குப் போகிறவர்களும் பழையபடி எங்களைத்தான் கேட்டு வருகிறார்கள். ஆனால் போன மாதம் இந்தக் கார் கைமாறிப் போக இருந்தது, தெரியுமா?

நீங்கள் போய் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு காசீம் நானா ஒரு தகரப் பலகை கொண்டுவந்தார். காரின் முன்பக்கத்து அகலம் முழுவதையும் மூடும் பலகை. சிவப்பு எழுத்தில் உங்கள் பெயர், கீழே ‘நினைவாக’ என்று ஒரு சொல். அவரும் வாடகைக் கார் ஓட்டுகிறவர், உங்களோடு ஒரு கோப்பையில் தேத்தண்ணி குடித்த கூட்டாளி. அவர் அதைப் பூட்டியபோது நான் அழுதேன். பெருமையாகவும் இருந்தது.

பிறகு கார் கொதிக்கத் தொடங்கியது. வெயில் என்று நினைத்தோம். வழியில் ஒட்டுசுட்டான் தாண்டுவதற்குள் ஆவி சீறும். பயணிகள் இறங்கி மரநிழலில் நிற்பார்கள். இராசன் ஆறவிட்டு, ஈரச் சாக்கைப் போட்டுத்தான் ரேடியேற்றர் மூடியைத் திறப்பான். அந்த மட்டில் அவனுக்குப் புத்தி உண்டு. ஒரு நாள் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோன பெண்ணை வழியில் வந்த லொறியில் மாற்றி ஏற்ற வேண்டியதாயிற்று. அவள் சுகமாகப் பெற்றாள். எங்கள் பெயர்தான் கெட்டது. வாசலுக்கு ஆள் வருவது நின்றது.

வவுனியாவில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பொனற்றைத் திறந்தார். ரேடியேற்றரைக் கழுவினார், குழாய்களை மாற்றினார், பெல்ற்றை இறுக்கினார். அடுத்த பயணத்திலும் கொதித்தது. எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டும், கழற்றினாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். உங்கள் தமையன் அதற்குள் வவுனியாவிலேயே காரை வாங்க ஆள் பார்த்துவிட்டார். காரை விற்றால் நானும் பிள்ளைகளும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அத்தான் என்று நான் கூப்பிடும் அவர் நல்லவர்தான். ஆனால் என் அடுப்பை விட்டு இன்னொருத்தியின் குசினியில் நிற்க எனக்கு மனமில்லை.

சோறு போடும்போதும் எஞ்சின் கதைதானே கதைப்பீர்கள்? பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டால்கூட பெல்ற்றைப் பற்றித்தான் பதில் வரும். அந்தக் கதை எல்லாம் என் காதில் கிடந்தது. எஞ்சினில் எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். எண்ணெயில் தண்ணீர் கலந்து பால்நிறம் ஆகவில்லை. அப்படியென்றால் எஞ்சின் தலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கார் கொதித்து நின்றபோது ரேடியேற்றரின் கீழ்க்குழாயைத் தொட்டேன். தண்ணீர் ஆறித்தான் அதற்குள் இறங்க வேண்டும் என்பீர்கள். அது மேல்குழாயைப் போலவே சுட்டது. தண்ணீர் ஓடுகிறது, ஆறவில்லை. ஏன்?

அன்று பின்னேரம் ஈர்க்கு ஒன்றை எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் குந்தினேன். நீங்கள் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ரேடியேற்றர் வலையில் பூச்சி எடுப்பீர்களே, தலையில் பேன் பார்க்கிறீர்களா என்று நான் பகிடி பண்ணுவேனே, அந்த வேலை. பலகைக்குப் பின்னால் ஈர்க்கை விட்டுக் குத்தினேன். ஒரு தும்பி இல்லை, ஒரு வைக்கோல் துரும்பு இல்லை. வலை கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. பலகையைப் பார்த்தேன். உங்கள் பெயர் முழுக்கப் பூச்சி.

ரேடியேற்றருக்குக் காற்றே போகவில்லை. நாங்கள் எல்லோருமாகக் கும்பிட்டுக் கும்பிட்டு அதன் மூக்கைப் பொத்தி வைத்திருந்தோம்.

இராசனை அனுப்பி காசீம் நானாவை அழைத்து, விஷயத்தைச் சொன்னேன். “என்ர கூட்டாளியின்ர காருக்கு நானே மூச்சை அடைச்சுப்போட்டன், தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, ஆணி முடுக்கியைத் தானே கையில் எடுத்தார். அத்தான்தான் குறுக்கே நின்றார். ஆண்டுத்திவசம்கூட முடியவில்லை, புருஷன் பெயரைக் கழற்றி எறிந்தாள் என்று ஊர் கதைக்கும் என்றார். இத்தனை வருஷத்தில் நான் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

“அத்தான், பேரை வச்சுக்கொண்டு காரை வித்தா, அந்தப் பேர் வேற ஆரோ ஒருத்தன்ர கொட்டிலில துருப்பிடிச்சுக் கிடக்கும். கழட்டிப்போட்டு ஓடிப் பாப்பம். நீங்களும் ஏறுங்கோ. வவுனியா போய்ச் சேர முதல் ஒருக்காக் கொதிச்சாலும் நீங்கள் சொல்லுற ஆளுக்கே குடுப்பம்.”

பலகையைக் கழற்றினோம். அத்தானும் ஏறினார். நல்ல உச்சி வெயிலில்தான் புறப்பட்டோம். ஒட்டுசுட்டான் வந்தது. இராசன் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். நிறுத்தாதே, விடு என்றேன். மாங்குளமும் தாண்டியது. ஓமந்தையில் நானே நிற்கச் சொல்லி, இறங்கிக் கீழ்க்குழாயைப் பிடித்தேன். சூட்டைக் கை தாங்கியது. அத்தானையும் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். வவுனியாவில் இறங்கியதும், வாங்க வந்து நின்ற ஆளிடம் அவரே போய், “கார் விக்கிறதுக்கில்லை” என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வலை நிறையப் பூச்சி. ஈர்க்கால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்து அழுதேன். நீங்கள் இல்லை என்பது அன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது. ஆனாலும் பயமில்லை, இஞ்சாருங்கோ. எதற்குப் பயம்?

பலகையை நான் எறிவேனா? காசீம் நானா அதைக் காரின் பின்பக்கத்தில் பூட்டித் தந்தார். உயிரோடு இருந்தவரை வன்னி ரோட்டில் ஒருத்தனையும் முந்தவிடாத மனுஷன் நீங்கள். இப்போது உங்கள் பெயரை வாசிக்க விரும்புகிறவன் எங்களுக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

கார் ஓடும் காலம் வரைக்கும் பின்னேரத்தில் வலையைத் துப்புரவாக்குவேன். உங்கள் காரின் முன்னால் காற்றுக்கு வழி இருக்கும். இது என் வாக்கு.

உங்கள் பிள்ளைகளின் தாய்,
இப்போது கார்க்காரியும் ஆகிவிட்ட
உங்கள் வீட்டுக்காரி