மரக்காணம் போகாத டிரையர்

ஜன. 5, திங்கள்

பனி. திண்டிவனம் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரம்கூடத் தெரியவில்லை. பாசஞ்சர் தாமதம், காலேஜில் முதல் பாடவேளை போச்சு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

மதியம் விழுப்புரம் சிறுதொழில் சங்கச் செயலாளர் போன். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டமாம். சோலார், காற்றாலை, தண்ணீர் சுத்தம் செய்வது மாதிரி சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யும் பொருட்களுக்கு இறக்குமதி வரியே வேண்டாம் என்று நாடுகளுக்குள் பேச்சு அடிபடுகிறதாம். சங்கம் முந்திக்கொண்டு ஒரு மனு போடப்போகிறது.

"மேடம், நீங்க காலேஜ்ல எகனாமிக்ஸ் எடுக்கிறீங்க. முன்னாடி ஒரே ஒரு துறைக்குன்னு போட்ட ஒப்பந்தம்லாம் இன்னா ஆச்சின்னு கொஞ்ச நேரம் சொல்லுங்க. ஜல்தியா முடிச்சிக்கலாம்."

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. தரணியும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். என் கூடப் பிறந்த தம்பி. ஒலக்கூர் பக்கம் ஷெட் போட்டு, வெயில் சூட்டில் மிளகாய், மல்லாட்டை (வேர்க்கடலை), கொப்பரை காயவைக்கும் டிரையர் செய்கிறான். எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். வரி போனால் வெளிநாட்டு டிரையர் மலிவாக வந்து இறங்கும். அவன் அக்கா மேடையேறி அதை வரவேற்றுப் பேசுவதா?

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வாங்க: பச்சரிசி, வெல்லம், ஏலக்காய். காஸ் புக் பண்ண. நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை.

ஜன. 6, செவ்வாய்

பனி இல்லை, மூட்டம். தூக்கமும் இல்லை.

லைப்ரரியில் உட்கார்ந்து குறிப்பு. கம்ப்யூட்டர், போன் வகைகளுக்கு வரியை எடுத்த பழைய ஒப்பந்தம்தான் எல்லோரும் காட்டும் உதாரணம். நன்றாக நடந்தது என்று உலகமே சொல்கிறது. உண்மைதான், விலை இறங்கியது. ஆனால்:

– பட்டியலை ஒருமுறை எழுதி மூடிவிட்டார்கள். புதுப் பொருள் வந்துகொண்டே இருந்தது, பட்டியல் பல வருஷம் அப்படியே.
– கையெழுத்துப் போடாத நாடுகளுக்கும் சலுகை உண்டு. மொய் எழுதாமல் பந்தியில் உட்காருவது. அதனால் பெரிய வியாபார நாடுகள் எல்லாம் உள்ளே வந்தால்தான் ஒப்பந்தமே தொடங்கும்.
– முழுப் பொருளுக்கு வரி போய், அதன் உதிரிபாகத்துக்கு வரி நின்றால், உள்ளூரில் செய்கிறவன் கதி?

மூன்றாவதை எழுதும்போது அப்பா ஞாபகம் வந்தது. நைனா. இதே ஒலக்கூர் ஷெட்டில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக பட்டன் போன் பாகங்களைப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆர்டர் நின்றது. ஷெட்டை மூடினார். கடைசிவரை "வெளிநாட்டுக்காரன் முடிச்சிட்டான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பாதிதான் சரி. முழு போன் வரியில்லாமல் வந்தது, அவர் பூட்டிய சில பாகங்களுக்கு மட்டும் வரி. வீட்டில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை, சொல்லி என்ன.

சாயங்காலம் தரணி போன். சேதி அதற்குள் போய்விட்டது.

"அக்கா, நீதான் பேசப்போறியாமே."

"ஆமாண்டா."

"நல்லதாப் போச்சு. நைனாவுக்கு இன்னா ஆச்சின்னு மட்டும் சொல்லு, போதும். ஒருத்தனும் வரியை எடுன்னு வாயத் தொறக்க மாட்டான்."

பார்க்கலாம் என்றேன். அவனுக்கு அது சரி என்று கேட்டிருக்கும். எனக்கு மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லை. பொங்கல் வேறு வருகிறது, சீர் வரிசையோடு வந்து நிற்பான்.

இவரிடம் சொன்னேன். "உங்க அக்கா தம்பி விஷயத்துல நான் தலையிட மாட்டேன்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். வீட்டுக்காரர்களை வேறு எதற்கு வைத்திருக்கிறோமோ.

ஜன. 7, புதன்

வெயில். காலேஜ் முடிந்து நேராக ஒலக்கூர். ஷேர் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்து முதுகு போச்சு.

தரணி செங்கல்பட்டு போயிருந்தான். மேரிதான் இருந்தாள், ஷெட்டில் மூத்தவள், மற்ற ஏழு பேரும் அவள் சொன்னால் கேட்பார்கள். ட்ரேவுக்கு வலை அடித்துக்கொண்டிருந்தாள். வெயிலை உள்ளே விடும் ஷீட்டும் ஃபேனும் வெளிநாடு, வரி கட்டி வருகிறது. மிச்சமெல்லாம் இங்கேயே.

வழக்கம்போல் அவள் தங்கையைப் பற்றி விசாரித்தேன். மரக்காணத்தில் மீன் வாங்கிக் கருவாடு போடுகிறாள்.

"அத்த ஏன் கேக்கிறீங்க மேடம். இந்த மழைக்குப் போட்டதெல்லாம் புழு. மணல்ல காயவெச்சிக்கினு கீறா."

"இங்கிருந்து ஒரு டிரையர் எடுத்துக் கொடேன். உனக்கு விலை குறைத்துத் தரமாட்டானா?"

மேரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியாதா? அண்ணன் மீனுக்குக் குடுக்க மாட்டாருங்க. கடலோரத்துக்காரங்க எத்தினி பேரு வந்து கேட்டுட்டுப் போனாங்க. கொலை பண்ற தொழிலுக்கு நம்ம கைப்பொருள் போவக் கூடாதுன்ட்டாரு. அது அவரு சாமி விஷயம். நான் இன்னா சொல்றது."

எனக்குத் தெரியாது. தரணி விரதக்காரன், தெரியும். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர் தொடமாட்டான். நாங்கள் நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம், நான்தான் பஸ்ஸையும் காலேஜையும் சாக்குச் சொல்லி விட்டுவிட்டேன். ஆனால் வியாபாரத்திலும் இப்படி என்று நினைக்கவில்லை. இந்தப் பக்கம் டிரையர் யாருக்கு அதிகம் வேண்டும்? கருவாட்டுக்காரர்களுக்கு. அவர்களை விட்டுவிட்டால் எண்ணிக்கை குறைவு. எண்ணிக்கை குறைந்தால் விலை எப்படி இறங்கும்?

கிளம்பும்போது மேரி கேட்டாள். "வெளிநாட்டு டிரையர் வந்தா வெல கொறையுமாமே, மெய்யா?"

"குறையலாம்."

"தங்கச்சி வாங்கிடுவா." வலையை ஒதுக்கி வைத்துவிட்டு, "எங்க எட்டுப் பேருக்கும் வேல இருக்குமா?"

ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டேன். பொருளாதாரம் படித்தவள்.

ஜன. 8, வியாழன்

உரையை மூன்று தடவை கிழித்தாயிற்று. வரி வேண்டும் என்றால் மரக்காணத்துக்குத் துரோகம். வேண்டாம் என்றால் தம்பிக்கு, மேரிக்கு.

முன்பு ஜெனீவாவில் சில நாடுகள் கூடி இதே சுற்றுச்சூழல் பொருட்களுக்குத் தனி ஒப்பந்தம் போடப் பார்த்தன. பட்டியலில்தான் உடைந்தது. சைக்கிள் சேருமா சேராதா என்பதிலும் சண்டை. படித்தபோது சிரித்திருக்கிறேன். இன்று சிரிப்பு வரவில்லை.

ஒருவழியாக முடிவு. முதலில் உதிரிபாகத்துக்கு வரி போகட்டும். முழுப் பொருளுக்குச் சில வருஷம் கழித்து, படிப்படியாக. பட்டியலை அடிக்கடி திருத்த வேண்டும். நைனா கதையை அப்படியே, இரண்டு பாதியும். மீன் விஷயம் வாயில் வரக்கூடாது. அது வீட்டு விஷயம்.

கரும்பு விலை விசாரிக்க. தரணி கொண்டுவருவான், வேண்டாம்.

வருவானா?

ஜன. 10, சனி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

இன்று. வி.புரம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கல்யாண மண்டபம், மாடி ஹால். நாற்பது பேர் இருக்கும். தரணி இரண்டாம் வரிசை, மடியில் டிபன் பாக்ஸ். பொழுதுக்குள் சாப்பிட வேண்டும் அல்லவா. என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

முதலில் செயலாளர் ஒரு வெள்ளைத்தாளைச் சுற்ற விட்டார். எதெதற்கு வரி எடுக்கலாம் என்று ஆளுக்கு ஒன்று எழுத வேண்டும். தாள் திரும்பி வந்தது. எல்லோரும் தாங்கள் வாங்கும் பொருளை எழுதியிருந்தார்கள். தாங்கள் விற்கும் பொருளை ஒருவர்கூட எழுதவில்லை. ஜெனீவாவுக்குப் போகவே வேண்டாம், வி.புரம் மாடி ஹால் போதும். தரணி எழுதியது: ஷீட், ஃபேன்.

கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் எழுந்தார். "அதே ஃபேனு எங்க ஷெட்டுலயும் ஓடுது. அவருக்கு வரி இல்ல, எனக்கு மட்டும் வரியா? இன்னா நியாயம்?"

நியாயமான கேள்வி. சுங்கத்தில் நிற்பவருக்கு ஃபேன் தெரியும், அது எங்கே போய்ச் சுற்றப்போகிறது என்று எப்படித் தெரியும்? இதற்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை என்றேன். இந்த இடத்தில் கைதட்டினார்கள், ஏன் என்று தெரியவில்லை.

நைனா கதை சொன்னேன். உதிரிபாகத்துக்கு வரி இருந்ததையும் சேர்த்து. தரணி முகம் மாறியது. அவன் கேள்விப்படாத பாதி. பரவாயில்லை, தாங்கிக்கொண்டான். முழு டிரையருக்குச் சில வருஷம் அவகாசம் என்றதும் பெருமூச்சு விட்டது மேடையிலிருந்தே தெரிந்தது.

அத்தோடு முடித்து உட்கார்ந்திருக்கலாம்.

செயலாளர் கேட்டார். "அதுவரைக்கும் நம்ம ஜனங்க ஏன் மேடம் காத்துக்கினு இருக்கணும்? இங்கதான் டிரையர் செய்றாங்களே, தரணி சார் இருக்காரே, மரக்காணம் மொத்தமும் அவர்கிட்ட வாங்கலாமே."

"மரக்காணத்துக்கு அவர் விற்பதில்லை" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. மேரியின் தங்கை மனதில் இருந்தாள்.

ஹால் முழுக்கத் திரும்பியது. பின்னாலிருந்து ஒரு குரல்: "நயினார் கருவாட்டு நாத்தம் தாங்க மாட்டாரு, இன்னா தரணி?" சிரிப்பு. பெரிய சிரிப்பு. அவன் எதை மனதில் வைத்துக் காப்பாற்றுகிறானோ அதை நாற்றம் என்று ஆக்கிவிட்டார்கள். எடுத்துக் கொடுத்தது நான்.

தரணி எழுந்து போனான். ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. பொழுது சாயப்போகிறது, சாப்பிடத்தான் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க ஆசைப்பட்டேன். கூட்டம் கலைந்ததும் பார்த்தால் டிபன் பாக்ஸ் நாற்காலியிலேயே இருக்கிறது. எலுமிச்சை சாதம், தொடவில்லை. இன்று அவனுக்குப் பட்டினி. நாளைக் காலை வரை.

பாக்ஸை எடுத்துக்கொண்டு கடைசி வண்டி. இரண்டு தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

ஜன. 12, திங்கள்

மூட்டம். தரணி போன் எடுக்கவில்லை. அவன் மனைவி எடுத்தாள். "நல்லாத்தான் இருக்காரு அண்ணி. பேசறதில்ல." அவ்வளவுதான்.

சங்கத்து மனு போய்விட்டதாம். என் சொற்களைத்தான் போட்டிருக்கிறார்களாம், உதிரிபாகம் முதலில் என்று. செயலாளருக்கு ரொம்பத் திருப்தி. எனக்கு இல்லை.

சொன்னது பொய்யில்லை. சபையில் சொன்னதுதான் தப்பு. இல்லை, நானே போய் அவனிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். மேரி சொன்ன அன்றே.

அரிசி ஊறவைக்க. பாக்ஸைக் கழுவி வைத்தேன். மஞ்சள் கறை போகவில்லை.

ஜன. 14, புதன், போகி

காலை முழுக்கப் புகை, தெருவில் பழைய பாய் எரிகிறது. காலேஜ் லீவு.

தரணி எப்போதும் போகியன்று காலையிலேயே வந்துவிடுவான். பத்து மணி, வரவில்லை. மதியம், வரவில்லை. இவர், "கரும்பு நானே வாங்கிட்டு வரட்டுமா" என்றார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். பாவம் மனுஷன்.

நாலரைக்கு வண்டிச் சத்தம். தரணிதான். பைக்கில் கரும்புக் கட்டு, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து. கேட்டிலேயே நின்றான். உள்ளே வா என்றேன்.

"வர்ல. பொழுதாவுது, வீட்டுக்குப் போணும்."

எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். காலியாகத் தரக்கூடாது என்று சர்க்கரை போட்டிருந்தேன். திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

"நைனா விஷயம் எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்" என்றான்.

"ஆமாம்."

"அதுவும் சரி. மீன் விஷயமும்..." பைக்கைத் திருப்பினான். பிறகு என்ன நினைத்தானோ, காலை ஊன்றி நின்றான்.

"மேரி நேத்து ஷீட்டும் ரெண்டு ஃபேனும் கேட்டா. கொள்முதல் வெலைக்கே குடுத்துட்டேன். வலை அடிக்க அவளுக்குத் தெரியும், ட்ரே கட்ட அவளுக்குத் தெரியும்."

"எதுக்காம்?" என்றேன்.

"நான் கேக்கல" என்றான். "நீயும் கேக்காத."